கிண்ணம் தட்டுகிறவரோடு கேட்ட கச்சேரிகள்

கச்சேரியில் யாராவது சுருதி விலகினால், என் இடது பக்கத்தில் ஒருவர் முகம் சுளிக்கிறார். நான் திரும்பிப் பார்ப்பதில்லை. பார்த்தால் ஒரு காலி நாற்காலி இருக்கும், அல்லது வேர்க்கடலை கொறித்துக்கொண்டு யாரோ ஒருவர் உட்கார்ந்திருப்பார். என் வீட்டுக்காரர் இறந்து பல வருஷம் ஆகிறது. ஆனாலும் கச்சேரிக்கு என்னோடு வருவதை அவர் நிறுத்தவில்லை. எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது.

விருத்தாசலத்தில் பியானோ டீச்சர் என்றால் முதலில் சிரிப்பார்கள், பிறகு பிள்ளையை அனுப்பி வைப்பார்கள். ஒரு பழைய பியானோ, இரண்டு கீபோர்டு, இதை வைத்துத்தான் காலம் தள்ளினேன். அவருக்குச் செராமிக் பட்டறையில் வேலை. சூளையிலிருந்து வரும் கிண்ணங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் குச்சியால் தட்டிப் பார்க்க வேண்டும். ‘டிங்’ என்றால் நல்ல கிண்ணம். ‘டொக்’ என்றால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறது என்று அர்த்தம், ஒதுக்கிவிடுவார். எங்கள் இரண்டு பேருக்குமே காதுதான் சோறு போட்டது.

மாசி மகத்துக்கு நாகஸ்வரம், அம்மன் கோயிலில் இன்னிசைக் கச்சேரி, ஸ்ரீமுஷ்ணத்தில் திருவிழா, பள்ளிக்கூடத்தில் ஓவியக் கண்காட்சி என்று எதையும் விட மாட்டோம். முடிந்ததும் எனக்கு வாய் சும்மா இருக்காது.

“மூணாவது பாட்டுல பிசிறடிச்சுது, கவனிச்சீங்களா?”

“கவனிக்காம என்ன டீச்சர்.”

வீட்டிலும் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். பஸ்ஸில் திரும்பி வரும்போது மேடையில் இருந்தவர்களை நான் கிழிகிழியென்று கிழிப்பேன். அவர் எல்லாவற்றுக்கும் ஆமாம் போடுவார். என் ரசனைக்குக் கிடைத்த மரியாதை என்று தலைக்கனத்தோடு இருந்தேன்.

செல்போன் எங்கள் தெருவுக்கு வந்துகொண்டிருந்த காலம். அவர் மட்டும் அது வேண்டவே வேண்டாம் என்று பிடிவாதமாக இருந்தார். அந்தச் சமயத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் பீங்கான் சாமான்களுக்கும் ஓவியங்களுக்கும் கண்காட்சி வைத்தார்கள். சாயங்காலம் ஜலதரங்கம். எங்கள் ஊர்க் கிண்ணங்களிலேயே தண்ணீர் ஊற்றி ஒருவர் வாசித்தார். நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. நடுவில் ஒரு கிண்ணம் விரிசல் விட்டிருக்க வேண்டும், அதைத் தொடும்போதெல்லாம் ‘டொக்’ என்றது. முன் வரிசையில் சிரித்தார்கள். கிண்ணம் தட்டுகிற என் வீட்டுக்காரர் என்ன சொல்கிறார் பார்ப்போம் என்று திரும்பினேன்.

அவர் மேடையைப் பார்க்கவே இல்லை. சிரித்த முகத்தோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் முகம் சுளித்தேன். ஒரு நொடி கழித்து அவரும் சுளித்தார்.

மறுநாள் காலை அவர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பேப்பர் படித்தார். நான் பியானோ முன்னால் உட்கார்ந்து வேண்டுமென்றே கண்டபடி வாசித்தேன். என் மாணவர்கள் யாராவது அப்படி வாசித்திருந்தால் காதைத் திருகியிருப்பேன். அவர் பேப்பரை மடித்துவிட்டுத் திரும்பினார். கட்டைகளின் மேல் என் விரல்களைப் பார்த்தார்.

“நல்லா இருந்துது டீச்சர்” என்றார்.

கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. வெளியே தெரிந்தால் அவர் வேலை போய்விடுமே என்று பயம். அதைவிட, ஒன்றுமே காதில் விழாமல் என் உதட்டசைவைப் பார்த்தே பதில் சொல்லி வந்த மனிதரிடம் இத்தனை நாள் சங்கீதம் பேசித் தீர்த்திருக்கிறேனே என்று வெட்கம். இனி இவரைக் கூட்டிக்கொண்டு போய் வதைக்கக் கூடாது என்று முடிவு செய்தேன். பெரிய மனசு என்று எனக்கு நினைப்பு. கூட்டமாக இருக்கும், உங்களுக்கு எதற்கு அலைச்சல் என்று ஏதாவது சொல்லிவிட்டுத் தனியாகப் போய் வந்தேன். இப்படியே இரண்டு வருஷம் ஓடியது. பிறகு ஒரு நாள் மத்தியானம் பட்டறையில் மாரடைப்பு வந்து, அங்கேயே போய்விட்டார்.

காரியத்துக்கு, பட்டறையில் அவருக்கு எதிரே உட்கார்ந்து வேலை பார்த்த அம்மா வந்திருந்தார்.

“அவருக்கு ரொம்ப நாளாவே காது கேக்காதுங்க டீச்சர்” என்றார். “நான் தட்டிப் பாத்துத் தள்ளி வுடுவேன், அவரு அடுக்குவாரு. மொதலாளிக்கும் தெரியும். நல்ல மனுசன்னு யாரும் ஒண்ணும் சொல்லல.”

எனக்கு மட்டும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“நானும் கேட்டேங்க, வூட்ல சொல்லிட வேண்டியதுதானேன்னு. ‘சொன்னா என்னை வூட்லயே வுட்டுட்டு, கச்சேரிக்கு அவ மட்டும் போயிடுவா’ன்னாரு. பாட்டு கேக்காட்டியும் உங்ககூட வந்து உக்காரணும் அவருக்கு.”

அந்த அம்மா கிளம்பிப் போனார். என் வீட்டுக்காரரை நான் முதல் தடவை விட்டுவிட்டுப் போன நாள் நினைவுக்கு வந்தது. மாசி மகம். தேய்த்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். நீங்கள் இருங்கள், நான் மட்டும் போகிறேன் என்று கையால் காட்டினேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். சட்டைப் பொத்தான்களைக் கழற்றிக்கொண்டே, “போயிட்டு வா டீச்சர்” என்றார்.

போனேன். அன்றைக்கு நாகஸ்வரம் அவ்வளவு நன்றாக இருந்தது. முடிந்து எழுந்திருக்கும் வரை நான் அவரை ஒரு தடவைகூட நினைக்கவில்லை.