எந்தக் கரையில் வீடு

நோல்ஃபா கார்கமோ, கொய்யாய்கே ஊரில் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு சாப்பாட்டுக் கடையில் சமையல் செய்துகொண்டிருந்தாள். புருஷன் செர்வாந்தோ ரோடு ரோலர் ஓட்டுகிறவன். குளிர்காலம் வந்தால் அந்த ஊரில் வீட்டுக்கு வீடு ஈர விறகை எரிப்பார்கள். புகை மேலே போகாமல் தெருவிலேயே தேங்கி நிற்கும். அந்தப் புகையில் செர்வாந்தோவுக்குப் பிடித்த இருமல் விடவே இல்லை. ஊரை விட்டுப் போங்கள் என்றார் டாக்டர். எங்கே போவது என்று அவர் சொல்லவில்லை. குழப்பம் அங்கேதான் ஆரம்பித்தது.

பூமியின் தென்கோடியான அந்த நாட்டில் ஜனவரிதான் நல்ல கோடை. அப்போது லாஸ் ஞிரெஸ் பள்ளத்தாக்கில் ஒரு நிலம் விலைக்கு வருகிறதென்று பார்க்கப் போனார்கள். ஓடைக்கரையில் சின்ன மரவீடு, முழங்கால் உயரப் புல், வடக்கே சுவர் வைத்தாற்போல் மலை. நாலு ஆடு, கொஞ்சம் உருளைக்கிழங்கு, கோழிகள் என்று நோல்ஃபாவின் மனசு அங்கேயே குடியேறிவிட்டது.

நிலத்துக்காரர் லெயாந்த்ரோ ஊரில் இருப்பவர். "மலை அணைச்சிக்கிட்டு நிக்குது பாருங்க. காத்தே அண்டாதும்மா," என்றார்.

எதிர்க்கரையில் வேலிக்கம்பியை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்த ஒரு பெண்மணி நிமிர்ந்தாள். ஊபெர்லிந்தா என்று பேர். அறுபதைத் தொட்டிருப்பாள், தனிக்கட்டை.

"வாங்கப் போறீங்களா? மே மாசம் அந்த மலைக்குப் பின்னால போற சூரியன் ஆகஸ்டுலதான் உங்க வாசலுக்கு வரும். ஓடையும் கல்லாயிரும். அத சொன்னாரா?"

"அந்தம்மாவுக்கு யார் வந்தாலும் ஆகாது," என்றார் லெயாந்த்ரோ.

"அப்ப உங்க கரை நல்லதாக்கா?" என்று நோல்ஃபா கத்திக் கேட்டாள்.

"இதுவா? வெயில் உண்டு. ஆனா காத்து கூரைத் தகரத்தப் பிச்சிட்டுப் போயிரும். ரெண்டுமே வேணாம். ஊருக்குப் போய்ச் சேருங்க."

திரும்பும்போது பேருந்து ஓட்டுநரை விசாரித்தாள். அந்த ஓடை உறைந்து அவர் பார்த்ததே இல்லையாம். வழியிலிருந்த மளிகைக் கடைக்காரி, போன பிப்ரவரியிலேயே உருளைச்செடி பனியில் கருகிவிட்டது என்றாள்.

"ஒரே எடத்தப் பத்திதான் சொல்றாங்களா?" என்றான் செர்வாந்தோ. "எனக்கு மண்டையே குழம்புது."

நோல்ஃபாவுக்கும் அதே கதிதான். வாங்கலாம் என்று படுத்தால் வேண்டாம் என்று எழுந்தாள். கடைசியில், குளிர்காலத்தை அங்கேயே கழித்துப் பார்த்துவிடுவது என்று தீர்மானித்தாள். வீடு சும்மாதானே கிடக்கிறது, இருந்து பாருங்கள் என்றார் லெயாந்த்ரோ. செர்வாந்தோ வேலையை விட முடியாது. ஞாயிற்றுக்கிழமைதோறும் வந்து போவதாகப் பேச்சு.

குளிர்காலம் தொடங்கும் ஜூனில் போனாள். ஊபெர்லிந்தா சொன்னது பொய்யில்லை. எதிர்க்கரையில் மத்தியான வெயில் மஞ்சளாகக் கிடக்கும். இவள் வாசலில் நிழல் நீலமாக உறைந்திருக்கும். ஆனால் லெயாந்த்ரோ சொன்னதும் பொய்யில்லை. காற்று என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை. ஓடை ஓரத்தில் உறைந்தது, நடுவில் ஓடியது. அப்படியென்றால் யார் சொன்னது சரி?

ஜூலையில் பெரிய பனி இறங்கிப் பாதை அடைபட்டது. செர்வாந்தோ வரவில்லை. ஓடையும் முழுக்க உறைந்து நின்றது. இருந்த காய்ந்த விறகு தீர்ந்து, வெளியே கிடந்த ஈர விறகை அடுப்பில் வைத்தாள். வீடு முழுக்கப் புகை. எந்தப் புகைக்குப் பயந்து வந்தாளோ அதே புகை. கதவைத் திறந்தால் குளிர், மூடினால் இருமல். கதவைப் பிடித்தபடி எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நின்று அழுதாள்.

ஊபெர்லிந்தா அதைப் பார்த்திருக்க வேண்டும். ஒரு சறுக்குப் பலகையில் காய்ந்த விறகைக் கட்டி, பனிக்கட்டி மேல் இழுத்துக்கொண்டு வந்தாள். அடுப்பை அவளே மூட்டி, மாத்தே இலைக் கஷாயத்துக்கு வெந்நீர் வைத்தாள்.

"ரெண்டு கோடை காஞ்ச விறகுதான் எரியும். இதுகூடத் தெரியாம வந்துட்டே."

"நீங்கதான் வரவே வேணாம்னீங்களே அக்கா. எல்லாரையும் இப்படித்தான் விரட்டுவீங்களாமே."

ஊபெர்லிந்தா கஷாயத்தை உறிஞ்சினாள். "இந்த வீட்டுல ஒரு குடும்பம் இருந்துச்சு. காலைல எந்திரிச்சா இங்க புகை வருதான்னு பாப்பேன். பழகிருச்சு. ஒரு குளிர்காலம் தாங்கல, சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டாங்க. அப்புறமும் ரொம்ப நாள் பாத்துக்கிட்டே இருந்தேன். விட்டுட்டுப் போறவங்க மொதல்லயே வராம இருந்தா நல்லது."

"நான் இருக்கவா, போகவா?"

"எனக்கென்ன தெரியும்? இருக்கறதுன்னா என் பக்கம் வந்துரு. லெயாந்த்ரோவுக்கு அங்கயும் ஒரு துண்டு நிலம் இருக்கு."

"அங்க காத்து அடிக்கும்னீங்களே."

"அடிக்கும். அது பொய்யில்ல."

பாதை திறந்ததும் ஓடி வந்த செர்வாந்தோவிடம் நோல்ஃபா எல்லாவற்றையும் சொன்னாள். அவன் தலையைப் பிடித்துக்கொண்டான். ஆனாலும் இருந்துவிடுவது என்றே முடிவானது. ஊரிலிருந்த லெயாந்த்ரோவிடம் பேசி முடித்து, அக்கரைத் துண்டோடு வீட்டையும் சேர்த்து வாங்கினார்கள். ஓடை உருகுவதற்குள் வீட்டையே அக்கரைக்கு இழுத்துவிடலாம் என்றார்கள் பள்ளத்தாக்குக்காரர்கள். அடியில் இரண்டு நீள மரம் கொடுத்து, சங்கிலி பூட்டி, எருதுகளை நிறுத்தினார்கள். நோல்ஃபா அத்தனை பேருக்கும் ஆட்டுக்கறி வேகவைத்தாள். வீடு ஓடையின் நடுவுக்கு வந்தபோது அடியில் பனிக்கட்டி முனகியது. எருதுகள் நின்றன. "திருப்பிடலாமா?" என்றான் செர்வாந்தோ. திருப்பவும் வழியில்லை. ஊபெர்லிந்தா முன்னால் போய் எருதின் மூக்கைத் தடவி ஏதோ சொன்னாள். வீடு நகர்ந்தது.

அக்டோபரில் காற்று வந்தது. முதல் வாரத்திலேயே கூரைத் தகரம் இரண்டு பறந்து, ஊபெர்லிந்தாவின் வேலியில் போய்ச் சிக்கின. அவள் அவற்றை இழுத்துக்கொண்டு வந்தாள். முகத்தில் சிரிப்பை மறைக்கத் தெரியவில்லை.

"சொன்னேன்ல?"

ரோலர் வேலையை விட்டு இங்கேயே வந்துவிட்டிருந்த செர்வாந்தோ கூரைமேல் ஏறினான். இருமல் குறைந்திருந்தது, காற்றினாலா, புகை இல்லாததினாலா, சொல்ல முடியவில்லை. நோல்ஃபா ஏணியைப் பிடித்தபடி பழைய கரையைப் பார்த்தாள். அங்கே வெயில் வந்திருந்தது. புல் பச்சையாக, ஒரு இலைகூட அசையாமல் நின்றது.

"செர்வாந்தோ, நாம செஞ்சது சரிதானா?"

"தெரியல. அந்த ஆணியக் குடு."