ஒற்றைக் கால் வீக்கம்

நேர்ஸ் வேலையில் ஊசி போடுவது சின்ன வேலை; வீட்டிலேயே வைத்தியம் பார்த்துவிட்டு வருகிறவர்களோடு மல்லுக்கட்டுவதுதான் பெரிய வேலை. கடலோர ஆஸ்பத்திரிகளில் கத்திக் கத்தித் தொண்டை வற்றியவர்களே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எனக்கு வாய்த்த எதிரி, காலில் உறையும் இரத்தக்கட்டி. நாளத்துக்குள் சத்தமில்லாமல் கிடக்கும். உருவிவிட்டால் கழன்று நுரையீரலுக்குப் போய் மூச்சை அடைக்கும். எங்கள் பக்கத்திலோ கால் வீங்கினால் முதலில் கைக்கு வருவது எண்ணெய்ப் போத்தல்.

வீக்கம் வத்தின கதை

எத்தாளைக் கிராமத்திலிருந்து பிள்ளை பெற்ற ஒருத்தியை வேனில் கொண்டுவந்தார்கள். நாற்பது நாள் முடியும்வரை கட்டிலை விட்டு இறக்கக்கூடாதென்று மாமியார் அவளைப் படுக்க வைத்திருந்தார். இடது கால் வீங்கியதும் எண்ணெய் போட்டு உருவுவதில் ஊரில் பேர்போன பரீதா ராத்தாவைக் கூப்பிட்டு நன்றாக உருவச் சொல்லியிருக்கிறார். வரும்போது அவளுக்கு நெஞ்சு நோவு, பேச மூச்சில்லை. ஒக்சிஜன் வைத்து, இரத்தம் உறையாமலிருக்க ஊசி போட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். பிழைத்துக்கொண்டாள்.

அம்புலன்ஸ் போனதும் எனக்குக் கோபம் வந்தது. "உருவினதாலதான் இந்த நிலைமை" என்று மாமியாரிடம் வெடித்தேன். அவர் அசரவில்லை.

"உருவினது சும்மா போகல்ல மிஸ். கால் வீக்கம் வத்திட்டுதானே!"

தவக்காலம்

அந்தோனி அண்ணன் மீன்பிடிகாரர். முறிந்த காலுக்குக் கட்டுப் போட்டுக் கிடந்தபோது இரத்தம் உறைந்து, பிறகு அதற்குக் குளிசை குடித்து வந்தவர். இரத்தப் பரிசோதனை எப்போதும் சரியாகவே இருக்கும். ஈஸ்டருக்கு முன்வரும் தவக்காலத்தில் மட்டும் குளிசை வேலை செய்யவில்லை. விசாரித்தால், மனிதர் மீனை விட்டுவிட்டு மூன்று வேளையும் முருங்கைக்கீரையும் பொன்னாங்காணியும் சாப்பிட்டிருக்கிறார். திடீரென்று கீரையைக் கூட்டினால் இந்தக் குளிசையின் வேகம் குறைந்துவிடும்.

"இறைச்சியைத்தானே விடுறது, ஏன் அண்ணன் மீனை விட்டீங்க?" என்றேன்.

"கடல்காரன் மீனை விடுறதுதான் மிஸ் தவம். இறைச்சி நான் எப்ப திண்டனான், விடுறதுக்கு?"

வாசலுக்குப் போனது

வார்டில் நின்று கத்திப் பயனில்லை என்று, லீவு நாளில் எத்தாளைக்கே போனேன். பரீதா ராத்தா என்னைக் கதிரையில் இருத்தி, பிளேன்டீ தந்து, முகத்தை மட்டும் தூக்கி வைத்துக்கொண்டார். நானும் விடவில்லை. "முதுகை உருவுங்க, இடுப்பை உருவுங்க, நான் கேட்கமாட்டேன். ஒற்றைக் கால் வீங்கி, சூடாகி, நொந்தால் மட்டும் தொடாதீங்க. அடுத்தவள் பிழைக்கமாட்டாள்" என்றேன். ராத்தா தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தார்.

"இவ்வளவு காலமா வீடு வீடாப் போறன். இத ஒரு மிஸ்ஸும் வந்து எனக்கிட்ட சொல்லல்லியே."



ஆட்டோ

சில மாதம் கழித்து, நண்பகலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. பரீதா ராத்தா இறங்கினார், பின்னால் அவருடைய மகள். பிள்ளை பெற்று இரண்டு கிழமை. வலது கால் பூசணிக்காயாக வீங்கியிருந்தது. முகர்ந்து பார்த்தேன், எண்ணெய் வாசம் இல்லை. மகளின் மாமியார், "ஊருக்கெல்லாம் உருவுற, சொந்த மகளுக்கு உருவ மாட்டியா?" என்று சண்டை பிடித்தாராம். கட்டி நுரையீரலுக்கு ஏறுவதற்கு முன்னே ஊசி ஏறியது. மகள் நடந்தே வீட்டுக்குப் போனாள். அன்று ராத்தாவைக் கட்டிப்பிடித்து நான் அழுததை வார்டே பார்த்தது. அவர் என் முதுகைத் தடவிக்கொண்டே சொன்னார்:

"புள்ள நோவுல கத்தக்குள்ள கை தன்னால போகுது மிஸ். ரெண்டு கையையும் முந்தானைல சுத்திக்கிட்டுத்தான் ஆட்டோல வந்தேன்."

இப்போதெல்லாம் எத்தாளையிலிருந்து வரும் ஒற்றைக் கால் வீக்கங்களில் எண்ணெய் மணப்பதில்லை. வார்டில் நின்று நின்று நொந்த என் முதுகில்தான் பரீதா ராத்தாவின் எண்ணெய் மணக்கிறது.