கோழிக்கு ஒரு பாஸ்போர்ட் போட்டோ

போன ஞாயிறு அஸ்தம்பட்டியில் ஒரு புகைப்படக் கண்காட்சி. நான் சிறப்புப் பேச்சாளர் வேறு! கொடுத்திருந்த தலைப்பு – ‘ஒரு கலைஞன் மீதான தாக்கங்கள்’.

கலைஞன், நண்பர் குமரேசன். பிழைப்புக்குக் கல்யாண போட்டோ எடுப்பவர். ஆனால் பத்து வருடமாகச் சொந்த ஆசைக்கு அவர் எடுப்பது ஒன்றே ஒன்றுதான்... கோழி. ஹால் முழுக்கக் கோழி. ஒவ்வொன்றும் நீலத் திரைக்கு முன்னால், கழுத்தை நிமிர்த்திக்கொண்டு, நேராக நம்மை முறைக்கிறது.

ஏன் கோழி? மயில் கிடைக்கவில்லையா? ஏற்காடு பஸ் ஓடவில்லையா? பேச்சுக்கு அரைமணி நேரம் இருக்கும்போது குமரேசனை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய்க் கேட்டேன். ஐரோப்பிய ஓவியர்கள் யாருடைய பாதிப்பாவது உண்டா?

அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, பர்ஸிலிருந்து ஒரு பழைய பாஸ்போர்ட் போட்டோவை எடுத்து நீட்டினார். நீலத் திரை. நிமிர்ந்த கழுத்து. நேரான முறைப்பு. மூக்கும்கூட... வேண்டாம், விடுங்கள்.

“எங்க மாமனாருங்க,” என்றார்.

கல்யாணத்துக்கு முன்னால் குமரேசன் எடப்பாடியில் ஒரு ஸ்டூடியோவில் இருந்தார். மலேசியா டூர் போவதற்காகப் படம் எடுத்துக்கொள்ள வந்தவர்தான் இந்த மனிதர். கொஞ்சம் சிரிக்கச் சொன்னதற்கு, எதற்கு என்று கேட்டாராம். அந்த முகம் குமரேசனை விடவேயில்லை. விதியைப் பாருங்கள் – பிற்பாடு அவர் பெண்ணே மனைவியாக வாய்த்தாள். மல்லசமுத்திரம் பக்கத்தில் இருக்கும் அவருடைய கோழிப்பண்ணைக்குள் மாப்பிள்ளையாக முதல்முறை நுழைந்தால்... ஆயிரக்கணக்கான மாமனார்கள் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தார்களாம். அன்றைக்குத் தூக்கிய கேமராதான்.

“விசயம் தெரிஞ்சுதுனா பண்ணைக் கேட்டச் சாத்திப்போடுவாருங்க. ஊட்டுக்காரியும் பொட்டியக் கட்டிருவா. பாத்துப் பேசோணுமுங்க.”

மாமனார் முன்வரிசையிலேயே உட்கார்ந்திருந்தார்.

இருபது நிமிடம் பேசினேன். ஒளி, நிழல், இருத்தலின் தனிமை... தாக்கத்தைத் தவிர எல்லாவற்றையும் பேசினேன். பாழாய்ப்போன கண் மட்டும் முன்வரிசைக்கே ஓடுகிறது. அவர் கழுத்தை நிமிர்த்தி என்னையே முறைத்துக்கொண்டிருந்தார். சிரிப்பை மறைக்க மூன்று முறை தண்ணீர் குடித்தேன்.

பேச்சு முடிந்ததும் எழுந்து ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டு போனார். ஏழாவது படத்தின் முன்னால் நின்றவர் நகரவேயில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். தொலைந்தோம் என்று நினைத்தேன். குமரேசன் முகத்தில் ஈயாடவில்லை.

“ஏனுங்க மாப்ள, இது எப்ப எடுத்ததுங்க?”

“முந்தாநேத்துங்க மாமா.”

“கண்ணோரம் வீங்கியிருக்குது பாருங்க. சளி புடிச்ச கோழி. எந்த ஷெட்டுல இருக்குது?”

அங்கேயே பண்ணைக்குப் போன் போட்டு, அந்தக் கோழியைத் தனியாகப் பிரித்து வைக்கச் சொன்னார். டாக்டருக்கும் சொல்லியாயிற்று. அப்புறம் மருமகனின் தோளைத் தட்டினார். கல்யாணமான நாளிலிருந்து அதுதான் முதல் தட்டாம்! கூடவே ஓர் உத்தரவு – இனி வாராவாரம் பண்ணையில் இருக்கும் அத்தனை கோழியையும் இதேபோல நேராக நிற்க வைத்துப் படமெடுக்க வேண்டும். குமரேசன் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் தலையாட்டினார்.

நான் பேசிய இருபது நிமிடத்தைவிட அவர் பார்த்த இரண்டு நிமிடம் உருப்படியானது என்று ஒப்புக்கொள்கிறேன். கலையே இப்படித்தான் போலிருக்கிறது... நாம் எதையோ நினைத்து மாட்டி வைக்கிறோம். பார்க்கிறவர் தனக்கு வேண்டியதைப் பார்த்துக்கொள்கிறார்.

கிளம்பும்போது மாமனார் ஒரு படத்தைத் தனக்கென்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

“இதுல ஒரு கம்பீரம் இருக்குதுங்க. எங்கியோ பாத்த மொகமாட்டத் தெரியுது.”

நேற்று குமரேசன் பேசினார். அந்தப் படம் இப்போது மாமனார் வீட்டு ஹாலில், அவருடைய படத்துக்குப் பக்கத்திலேயே தொங்குகிறதாம். வருகிறவர்களுக்குக் காபி கொடுப்பதை மாமியார் நிறுத்திவிட்டாராம் – பாதிப் பேருக்குப் புரையேறிவிடுகிறதாம்.