சயானிலிருந்து முலுண்டுக்கு அறுபது இட்லி

காலை 6.05. தாராவி தொண்ணூறடி சாலையிலிருந்து நானும் செல்வி மைனியும் கிளம்பினோம். மைனி என் பெரியப்பா மகனின் மனைவி. பதினைந்து வருடமாகத் தெருவில் இட்லி விற்கிறவர். பம்பாய் சுற்றிப் பார்க்க வந்தவன் கையில் எவர்சில்வர் டிரம்மைத் தூக்கிக் கொடுத்துவிட்டார். உள்ளே அறுபது இட்லி. முலுண்டில் ஓர் அலுவலகக் கேன்டீனில் ஏழரைக்குள் ருசி காட்ட வேண்டும். பிடித்துவிட்டால் தினசரி ஆர்டர். ஏற்கெனவே ஒரு தடவை கொண்டுபோனது கெட்டுப்போனது. இதுவும் போனால் இனி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம்.

சயான் ரயில் நிலையம் ஒரு கிலோமீட்டர் நடை. போன தடவை சூட்டோடு அடுக்கி இறுக்க மூடியதில் ஆவி தண்ணீராக இறங்கி, மேல் அடுக்கு கூழாகிவிட்டது என்றார்.

"அதுக்கப்புறம் நாப்பது இட்லிய எடுத்துக்கிட்டு இதே வண்டியில சும்மா ஒரு நாள் போனேம். ஸ்டேஷனுக்கு ஒண்ணாப் பிச்சுப் பாத்தேம். குர்லா வரைக்கும் நல்லாருந்து. காட்கோபர்ல வேர்க்க ஆரம்பிச்சிட்டு."

"சும்மா போனியளா?"

"சும்மா எங்க? பத்து ரூவா டிக்கெட்டு. கொழுந்தனாரே, மூடிய ஒரு வெரல் தொறந்தே வையுங்க. யாரு என்ன சொன்னாலும் மூடிராதிய."

6.32 ஸ்லோ லோக்கல், எல்லா நிலையத்திலும் நின்று போகும் ரயில். லக்கேஜ் பெட்டியில் ஏறினோம். குர்லா வரை நிம்மதி. காட்கோபரில் மீன் கூடைகள் ஏறின. தள்ளுமுள்ளில் மைனி எதிர் வாசல் பக்கம் ஒதுங்கிப் போனார். ஒரு கூடை என் டிரம்முக்கு ஒரு சாண் தள்ளி வந்து உட்கார்ந்தது. போவதோ சைவக் கேன்டீன். இட்லியில் மீன் வாடை ஏறினால் கதை முடிந்தது. எனக்குத்தான் எல்லாம் தெரியுமே. மூடியை அழுத்தி மூடினேன்.

விக்ரோலி தாண்டியதும் வண்டி நின்றது. ஐந்து நிமிடம், பத்து நிமிடம். சிக்னல் என்றார் ஒருவர். மூடியைத் தொட்டுப் பார்த்தேன், கொதித்தது. திறந்தால் மீன், மூடினால் கூழ். மைனி தலைகளுக்கு நடுவே எட்டி எட்டிப் பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

7.20. முலுண்ட். நடைமேடையில் மைனி டிரம்மைத் திறந்தார். மேல் அடுக்கு நனைந்து பளபளத்தது. அவர் மூடியை ஒரு விரல் திறந்து வைத்துவிட்டு முன்னால் நடந்தார். திட்டியிருந்தால் தேவலை.

ஆட்டோவில் ஏறினோம், குறைந்தபட்சக் கட்டணம் இருபத்தாறு ரூபாய். குற்ற உணர்ச்சியில் யோசனை சொன்னேன்: "நனைஞ்சத அடியில தள்ளிருவோம் மைனி. யாருக்குத் தெரியப் போவுது?"

"போன தடவ அதத்தாம் செஞ்சேம்," என்றார் ரோட்டைப் பார்த்துக்கொண்டே. "கூழானதுக்காவ அவிய கோவப்படல. ஒளிச்சதுக்குத்தாம்."



கேன்டீன் மேலாளர் தமிழர். கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு மைனியை. மைனி தட்டு கேட்டு வாங்கி, அவர் கண்ணெதிரே பன்னிரண்டு இட்லியை எடுத்துத் தனியே வைத்தார்.

"சார், இது நனஞ்சு போச்சு, உங்க ஆளுகளுக்கு வேண்டாம். நாப்பத்தெட்டுதாம் இருக்கு."

மேலாளர் டிரம்மின் அடியிலிருந்து ஒன்றை எடுத்துப் பிட்டார். முகர்ந்தார். மென்றார். அவர் நனைந்ததிலும் ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டுக்கொண்டது எதற்கென்று இன்றும் விளங்கவில்லை.

"திங்கக்கிழமையிலேருந்து அறுபது கொண்டு வாங்க," என்றார். "கழிக்கிறதா இருந்தா, இன்னைக்கு மாதிரி என் முன்னாடியே கழிச்சிடுங்க."

மைனி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

திரும்பும் வண்டிக்காக நிற்கும்போது சொன்னேன்: "மைனி, மன்னிச்சிருங்க. என்னாலதான்."

"அத விடுங்க. எத்தன மணிக்கு மூடுனிய?"

"காட்கோபர் விட்டதும். ஆறே முக்கால் இருக்கும்."

"இருக்கும்னா? சரியாச் சொல்லுங்க."

"ஆறே முக்கால்தான்."

"தொறந்தது ஏழு இருவது. அப்ப முப்பத்தஞ்சு நிமிஷத்துக்கு ஒரு அடுக்குதாம் போவுது," என்று விரல் மடக்கினார். அவர் முகத்தில் கோபம் இல்லை, கணக்குதான் இருந்தது.

என் ஊரான பாளையங்கோட்டைக்குத் திரும்பிய பிறகும் 'எத்தன மணிக்கு மூடுனிய' என்ற அந்தக் கேள்வி என்னை விடவில்லை. இத்தனை வயதுக்கு எத்தனையோ பேரிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். பெருந்தன்மையாகக் கொடுத்தும் இருக்கிறார்கள். அதோடு விஷயம் முடிந்தது என்று மறுபடியும் அதே தவறைச் செய்யப் போயிருக்கிறேன். எத்தனை மணிக்குத் தவறினேன் என்று அவர்களும் கேட்டதில்லை, நானும் என்னைக் கேட்டதில்லை.