யாருக்கும் தெரியாமல் மாற்றியவர்

சனிக்கிழமை காலை, ஒரு பனியன் கம்பெனியின் பேக்கிங் பகுதியில் ஸ்டிக்கர் அடிக்கும் பிரிண்டரைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஜெபசிங் அண்ணனின் எண்ணிலிருந்து போன் வந்தது. பேசியது அவருடைய மனைவி. "அவ்வோ போயிட்டாவ தம்பி. நெஞ்சு வலிக்குன்னாவ, அவ்வளவுதான்" என்றார்கள். பிரிண்டரைச் சரிசெய்துவிட்டுப் போகலாமா, அப்படியே போட்டுவிட்டுப் போகலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். இந்த வேலை மனிதனை அப்படி ஆக்கிவிடுகிறது. அப்படியே போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். திருப்பூர் பின்னலாடை கம்பெனிகளுக்கு மென்பொருள் செய்து கொடுக்கும் சிறிய அலுவலகம் எங்களுடையது. கணினித் திரையில் எந்தக் கட்டம் எங்கே இருக்க வேண்டும், எந்த விசையைத் தட்டினால் என்ன நடக்க வேண்டும் என்று தீர்மானிப்பவர் அவர். நான் சப்போர்ட். அதாவது, அவர் வடிவமைப்பார், நான் போனில் வாங்கிக் கட்டிக்கொள்வேன். அவருடையது பனியன் கம்பெனி வேலைக்காகத் திருநெல்வேலிப் பக்கமிருந்து திருப்பூர் மண்ணரைக்கு வந்த குடும்பம். இங்கேயே வளர்ந்தும் வீட்டுப் பேச்சு மாறவில்லை. அவர் என்னை 'வே' என்பார், நான் 'சொல்லுங்ணா' என்பேன்.

அவர் எங்களிடம் சேர்ந்த புதிதில் புதுமை மோகம் தலைக்கேறியிருந்தது. இருந்த பழைய திரையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பளபளவென்று ஒன்றைச் செய்தார். நாங்கள் எல்லோரும் கைதட்டினோம். அதில் உடுப்பின் அளவுகளைக் கணினியே ஆங்கில அகரவரிசையில் அடுக்கிக்கொண்டது: முதலில் எல், பிறகு எம், பிறகு எஸ். எங்கள் ஊரில் யாரும் அப்படி எண்ணுவதில்லை. சின்னதில் ஆரம்பித்துப் பெரியதில் முடிப்பதுதான் வழக்கம். பேக்கிங் பெண்கள் கையிலிருக்கும் சீட்டைப் பார்த்தபடியே, திரையை ஏறிட்டும் பாராமல், பழகிய வரிசையில் அடித்துக்கொண்டே போனார்கள். சின்ன அளவின் எண்ணிக்கை பெரிய அளவில் போய் உட்கார்ந்தது. அட்டைப்பெட்டிகளின் மேல் ஒட்டிய ஸ்டிக்கர் ஒன்று சொல்ல, உள்ளே இருந்தது வேறாக இருந்தது. கப்பலுக்குப் போக வேண்டிய சரக்கு முழுவதையும் பிரித்து மறுபடி அடுக்க வேண்டியதாயிற்று.

அண்ணனும் போய்த் தரையில் உட்கார்ந்து பெட்டி பிரித்தார். பக்கத்தில் இருந்த ஒரு அம்மா, கோபமே இல்லாமல், "ஏனுங்க சார், நல்லாத்தானுங்க இருந்துச்சு. எதுக்குங்க எடத்த மாத்தி வச்சீங்க?" என்று கேட்டார்கள். அண்ணன் அடுத்த பெட்டியை இழுத்துப் பிரித்தார்.

எங்கள் முதலாளி, "எல்லாத்துக்கும் ஒரு ட்ரெய்னிங் குடுத்துட்டாப் போகுதுங்க" என்றார். அண்ணன் வெடித்தார். "பத்து வருசமா அவ்வோ கை படிச்சு வச்சிருக்கத ஒரு நாள் ட்ரெய்னிங்ல அழிக்க முடியுமாங்க? தப்பு அவ்வோ கையில இல்ல, என் தலையில இருக்கு!" அவருடைய கோபம் பிரசித்தம். அவர் கத்தி முடித்த பிறகு, எதிரில் இருப்பவரைச் சமாதானப்படுத்துவது என் வேலைகளில் ஒன்றாக இருந்தது. அதிலும் நான் களைத்துப் போயிருக்கிறேன்.

அதற்காக அவர் புதுமையைக் கைவிட்டார் என்று நினைக்க வேண்டாம். கடைசியாகச் செய்த மென்பொருளில் உள்ளே எல்லாமே புதிது. துணி வெட்டும் கட்டிங்கில் ஒருமுறை அடித்த கணக்கு பேக்கிங் வரை தானாகவே வந்துவிடும். திரும்பத் திரும்ப அடிக்க வேண்டியதில்லை. வெட்டியதைவிட அதிகமாகக் கணக்குக் காட்டினால் அந்த வரி சிவந்துவிடும். ஆனால் பேக்கிங் திரையின் முகம் மட்டும் பழையபடியே இருந்தது. முதலாளிக்கு அது பொறுக்கவில்லை.

"காசு குடுக்கறவங்களுக்குப் புதுசுன்னு தெரிய வேண்டாமுங்களா?"

"அவங்களுக்குக் கலர் கலரா வேற ஸ்கிரீன் வச்சிருக்கேன். அடிக்கிறவங்க கையில கை வைக்காதீங்க."

கடைசியில் முதலாளி ஒரு நிபந்தனை போட்டார். திங்கட்கிழமை எல்லாக் கம்பெனிகளுக்கும் மாற்றுவது, குழப்பம் என்று போன் வந்தால் அண்ணனின் திரையைத் தூக்கிவிட்டு அவர் விரும்பியதை வைப்பது. அண்ணன் ஒப்புக்கொண்டார். வெளியே வந்து, "வராது வே" என்று என்னிடம் சொன்னார். சொன்ன குரலில் அவ்வளவு உறுதி இல்லை. அது வெள்ளிக்கிழமை.

ஞாயிற்றுக்கிழமை கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தோம். அலுவலகத்தார் வந்திருந்தோம், உறவினர்கள் வந்திருந்தார்கள். அவருடைய திரைகளில் தினமும் விரல் பதிக்கும் கம்பெனிகளிலிருந்து ஒருவரும் வரவில்லை. அவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. எனக்குத்தான் ஆற்றாமையாக இருந்தது.

திங்கட்கிழமை காலை புதியதை ஏற்றிவிட்டுப் போனருகில் உட்கார்ந்தேன். அடக்கத்துக்குப் போய் வந்த அலுப்பு உடம்பில் அப்படியே இருந்தது. முதலாளியும் அடிக்கடி எட்டிப் பார்த்தார். மதியம் வரை மணி அடிக்கவில்லை. சாயங்காலம் அடித்ததும் பாய்ந்து எடுத்தேன். பேக்கிங்கிலிருந்து ஒரு பெண், பிரிண்டரில் பேப்பர் சிக்கிக்கொண்டது என்றார். எடுக்கும் வழியைச் சொன்னேன். மனது கேட்காமல், "புது ஸ்கிரீன் எப்படிங்க இருக்குது?" என்று கேட்டேன்.

"புதுசுங்களா? மாத்தீட்டீங்களா? எனக்கொன்னும் வித்தியாசம் தெரியலீங்களே. ஆனா இன்னிக்கு வேலை வெரசா முடிஞ்சிருச்சுங்க. கரண்டு போகாம இருந்ததுனாலன்னு நெனச்சேன்."

பக்கத்தில் நின்று ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த முதலாளி தலையாட்டிவிட்டு உள்ளே போனார். அண்ணனின் திரை இனி அப்படியே இருக்கும்.

"கரண்டு இல்லீங்க. ஜெபசிங் அண்ணன் செஞ்சதுங்க" என்றேன்.

"அது யாருங்க?" என்று கேட்டார் அந்தப் பெண்.

போனில் சொல்ல என்னால் முடியவில்லை. அதனால்தான் இங்கே எழுதியிருக்கிறேன். போய் வாருங்கள் அண்ணா. குழப்பம் என்று ஒரு போனும் வரவில்லை.