போடாத மருந்துக்குப் போட்ட டிக்

நான்கு வருடங்களுக்கு முன், தைப்பூசத்துக்கு முதல் நாள் மத்தியானம். ஜார்ஜ் டவுனில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தின் மூன்றாவது மாடியில் நான் குருத்தணுக்களுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். நாங்கள் அப்படித்தான் சொல்வோம். ஆராய்ச்சி என்று வெளியே சொன்னால் மரியாதை கிடைக்கும். உள்ளே வந்து பார்த்தால் ஆடு மாடு வளர்க்கிற வேலைதான். என்ன, ஆடு மாடாவது நம்மைப் பார்த்துக் கத்தும்.

நோயாளி ஒருவரின் ரத்தத்திலிருந்து செல்களை எடுத்து, அவற்றைப் பின்னோக்கி நடத்தி, எந்த உறுப்பாகவும் மாறக்கூடிய ஆரம்ப நிலைக்குக் கொண்டுபோக வேண்டும். பிறகு அவற்றை இதயத் தசையாக மாற்ற வேண்டும். சொல்வதற்கு இரண்டு வரி. எனக்கு அதற்குள் மூன்று வருடம் ஓடியிருந்தது, முடிந்தபாடில்லை. அந்தச் செல்களுக்குத் தினமும் புதிதாகச் சத்துநீர் மாற்ற வேண்டும். ஞாயிறு கிடையாது, தீபாவளி கிடையாது. ஒரு நாள் விட்டால் தங்கள் இஷ்டத்துக்கு வேறு எதுவாகவாவது மாறித் தொலைக்கும். தினமும் பெருநிலத்துச் சிம்பாங் அம்பாட்டிலிருந்து கடல் பாலம் தாண்டி இந்தத் தீவுக்கு வருவேன். அம்மா கேட்பார், "ஒரு நாள் பட்டினி போட்டா என்னாடி, செத்தா போயிரும்?" ஆமாம் அம்மா, செத்துத்தான் போகும்.

அன்றைக்கு வேலை கொஞ்சம் வேறு. கூட்டமாக வளர்ந்த செல்களைத் தனித்தனியாகப் பிரித்து, புதுத் தட்டுகளில் விட வேண்டும். இந்தச் செல்களுக்குத் தனியாக இருக்கத் தெரியாது. பிரித்துவிட்டால் விடிவதற்குள் தாங்களாகவே அழிந்துபோகும். அதைத் தடுக்க ஒரு மருந்து உண்டு. சத்துநீரில் சில துளி கலந்தால் போதும், அந்த முதல் இரவைத் தாண்டிவிடும். ஒரு தடவைக்கு ஒரு சின்னக் குழாய் என்று பிரித்து உறையவைத்திருப்போம். எடுத்து, உருகவிட்டு, ஊற்ற வேண்டும். அவ்வளவுதான்.

எங்களிடம் ஒரு தாள் இருக்கும். பத்துப் படிகள், பத்துக் கட்டங்கள். ஒவ்வொரு படியும் முடிந்த பிறகுதான் டிக் போட வேண்டும் என்பது சட்டம். ஆனால் கையுறை போட்டு வேலையில் உட்கார்ந்தபின் பேனாவைத் தொட்டால், மறுபடி கையெல்லாம் ஆல்கஹால் அடிக்க வேண்டும். பத்துப் படிக்குப் பத்துத் தடவை. அதனால் எல்லாரும் ஆரம்பத்திலேயே பத்து டிக்கையும் போட்டுவிடுவார்கள். எல்லாரும் என்று சொல்வது என் வசதிக்கு. நான் போடுவேன்.

வழக்கமாக ஒரு தட்டைத் தொடாமல் அப்படியே வைப்போம், ஏதாவது ஆனால் கைகொடுக்கும் என்று. மறுநாள் பொது விடுமுறை. அன்றைக்குத் தனியாகப் பார்க்க ஒரு தட்டு குறைந்தால் சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம் என்று அதையும் சேர்த்துப் பிரித்துவிட்டேன். அவ்வளவு சலிப்பு. மூன்று மணிக்குத் தட்டுகளை வளர்ப்புப் பெட்டிக்குள் வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

தைப்பூசத்தன்று காலை பாதி சாலைகள் அடைத்திருந்தன. காரை எங்கேயோ விட்டுவிட்டு, தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகிற கூட்டத்துக்கு எதிராக நடந்து வந்தேன். ஊரே சாமி கும்பிடப் போகிறது, நான் சோறு போடப் போகிறேன் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன். மாடியில் யாரும் இல்லை. முதல் தட்டை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். ஒன்றுகூட ஒட்டவில்லை. அரிசி களைந்த தண்ணீர் மாதிரி கலங்கி, எல்லாம் மிதந்தன. அடுத்த தட்டும் அப்படி. எல்லாத் தட்டும் அப்படி.

என்ன ஆயிற்று என்று தெரிய அதிக நேரம் ஆகவில்லை. முந்தின நாள் ஐஸ் வைத்திருந்த டப்பா மேசையிலேயே இருந்தது. ஐஸ் தண்ணீராகியிருந்தது. அதற்குள் மருந்துக் குழாய் கிடந்தது, மூடி திறக்காமல், முழுசாக.

அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வரவில்லை. யாராவது பார்த்தார்களா என்றுதான் திரும்பிப் பார்த்தேன். பிறகு அந்தக் குழாயை எரிக்கப் போகிற குப்பைப் பையில் போட்டேன். அதற்கப்புறம்தான் பேராசிரியருக்குப் போன் செய்தேன்.

அவர் சீன அம்மா, நியாயமானவர், குரலை உயர்த்தவே மாட்டார். தாளில் என்ன இருக்கிறது என்று கேட்டார். எல்லாப் படிக்கும் டிக் இருக்கிறது என்றேன். அது உண்மைதானே. கொஞ்ச நேரம் யோசித்தார். நேற்று மத்தியானம்தான் வளர்ப்புப் பெட்டியின் கேஸ் சிலிண்டரை மாற்றினார்கள், வால்வைத் திறக்க மறந்து பிறகு திறந்திருப்பார்களோ, நீ தட்டுகளை உள்ளே வைக்கும்போது பெட்டியில் எண் என்ன காட்டியது என்று கேட்டார். உள்ளே கேஸ் ஐந்து சதவீதம் காட்ட வேண்டும், குறைந்தால் செல்கள் பிழைக்காது. ஐந்துதான் காட்டியது. நான் நன்றாகப் பார்த்தேன்.

"குறைவா இருந்த மாதிரி ஞாபகம்," என்றேன்.

சிலிண்டர் மாற்றுவது எங்கள் ஆய்வுக்கூட உதவியாளர் அக்காவின் வேலை. தாசேக் கெலுகோரிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து, ஃபெரி பிடித்து, எனக்கு முன்னால் வந்து நிற்பவர். ஒன்பது வருடமாக அங்கே இருக்கிறார், ஆனால் வேலை நிரந்தரமில்லை. வருடத்துக்கு வருடம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும். அந்த மாதம்தான் புதுப்பிக்கிற மாதம். கணவர் இல்லை. அந்தச் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. இதெல்லாம் எனக்குத் தெரியாது என்று சொல்லலாமா என்றால், முடியாது. தினமும் அவரோடுதான் சாப்பிடுவேன்.

விடுமுறை முடிந்து வந்ததும் பேராசிரியர் அக்காவை அறைக்குக் கூப்பிட்டார். நான் கம்ப்யூட்டரில் எதையோ படிப்பதுபோல உட்கார்ந்திருந்தேன். அக்கா வெளியே வந்து நேராகச் சிலிண்டரிடம் போனார். அதைத் தொடவில்லை. காற்றில் கையை வைத்துத் திருப்பிப் பார்த்தார். "இப்படித்தானே தெறந்தேன்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மறுபடி திருப்பிப் பார்த்தார்.

நடந்ததை விளக்கி எழுத்தில் கொடுக்கும்படி மேலிடம் அக்காவைக் கேட்டிருந்தது. மூன்று நாள் போயிற்று. அந்த மூன்று நாளும் நான் எனக்குள் வழக்காடினேன். என் உதவித்தொகை அந்த வருட நடுவில் முடிகிறது, நீட்டிப்புக்கு விண்ணப்பித்திருக்கிறேன், இந்த நேரத்தில் சொன்னால் என் கதி? அக்காவை எப்படியும் வேலையை விட்டு எடுக்க மாட்டார்கள், சும்மா ஒரு கடிதம்தானே? இப்படி எனக்கு வேண்டிய பதிலை நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் எனக்கு எதைப் பற்றியும் யோசிக்கத் தெம்பில்லை. மூன்று வருடமாக லீவே இல்லாமல் ஓடினால் மனசாட்சியும் களைத்துப்போகும் போலிருக்கிறது. இது சாக்கு அல்ல. அப்படி இருந்தது என்று சொல்கிறேன்.

மூன்றாம் நாள் கேண்டீனில் அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கையில் அந்த விளக்கக் கடிதம்.

"தங்கச்சி, இந்த சூராட்ட கொஞ்சம் பாத்துக் குடு லா. இங்கிலீஷ்ல வேணுமாம். எனக்குச் சரியா வராது."

வாங்கிப் படித்தேன். மறுநாள் தண்ணீர்மலைக்குப் பால்குடம் எடுக்க வேண்டியிருந்ததால் தன் நினைப்பெல்லாம் அங்கே இருந்தது, வால்வைத் திறக்க மறந்துவிட்டுப் பிறகு திறந்திருக்க வேண்டும், தவறு தன்னுடையது, மன்னிக்க வேண்டும், இன்னொரு வாய்ப்புத் தர வேண்டும் என்று எழுதியிருந்தார். வெட்கக்கேடு என்னவென்றால், என் கை பேனாவை எடுத்து முதல் வரியில் ஓர் எழுத்துப்பிழையைத் திருத்திவிட்டது. இரண்டாவதையும் திருத்தியது. பிறகுதான் கேட்டேன்.

"உண்மையாவே மறந்தீங்களாக்கா?"

"தெறந்த மாதிரிதான் இருக்கு. ஆனா நம்பர் குறைவா இருந்துச்சுன்னு நீ சொன்னியாமே," என்றார் அக்கா. "நீ என்ன, பொய்யா சொல்லப்போற?"

அதற்குமேல் என்னால் அங்கே உட்கார முடியவில்லை. கடிதத்தை எடுத்துக்கொண்டு மாடி ஏறினேன். பேராசிரியரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மருந்து ஊற்றவில்லை, எண் குறைவாக இருந்தது என்றதும் பொய். சொல்லி முடித்தால் பாரம் இறங்கும் என்பார்கள். எனக்கு ஒன்றும் இறங்கவில்லை, ஏனென்றால் அவர் நம்பவில்லை. அக்காமேல் இரக்கப்பட்டு நீ பழியை எடுத்துக்கொள்கிறாய் என்றார். தாளில் டிக் இருக்கிறதே என்றார். அந்தக் குழாய் எங்கே என்று கேட்டார். குப்பை எப்போதோ எரிக்கப் போயிருந்தது. பொய் சொன்னபோது உடனே நம்பியவர், உண்மைக்கு ஆதாரம் கேட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

என் மேசைக்குப் போய் அன்றைய தாளை எடுத்து வந்தேன். உறைநிலையில் இருந்த வேறொரு குப்பியிலிருந்து புதிதாகச் செல் வளர்க்கும் வேலை, அன்று சாயங்காலம்தான் தொடங்க வேண்டும். குப்பியை இன்னும் வெளியே எடுக்கக்கூட இல்லை. பத்துக் கட்டத்திலும் டிக் போட்டாகிவிட்டது. அதை அவர் முன்னால் வைத்தேன். பத்துக் கட்டத்தையும் விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டு, போ என்று மட்டும் சொன்னார்.

அக்காவிடமும் நானே சொன்னேன். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "மூணு நாளா நான் என்னையே ஏசிக்கிட்டு இருந்தேன். நீ பக்கத்துலதானே உக்காந்திருந்த," என்றார். பிறகு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். மறுநாளும் என்னோடுதான் சாப்பிட்டார், பேசினார். ஆனால் அதற்குப் பிறகு எதையும் பார்த்துக் கொடு என்று என்னிடம் நீட்டியதில்லை.

அவருடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. எனக்கு நீட்டிப்புக் கிடைக்கவில்லை. கையில் இருந்ததை வைத்து, முனைவர் பட்டத்துக்குப் பதில் அதைவிடச் சின்னப் பட்டத்தோடு வெளியேறினேன். இப்போது வீட்டுக்குப் பக்கத்துத் தொழிற்சாலையில் தரம் பார்க்கிற வேலை. ஞாயிறு விடுமுறை உண்டு. இதில் எனக்கு வருத்தம் இல்லை, என் தப்புக்கு நான் கொடுத்த விலை.

வருத்தம் வேறு ஒன்றில். அந்த வாரத்துக்குப் பிறகு அக்கா எப்போது சிலிண்டர் மாற்றினாலும், திறந்த வால்வையும் பெட்டியில் தெரிகிற ஐந்தையும் படம் எடுத்து எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போடுவார். யாரும் கேட்கவில்லை. போதும் என்று பேராசிரியரே சொல்லியும் நிறுத்தவில்லை. அந்தக் குழுவிலிருந்து நான் இன்னும் வெளியேறவில்லை, போன வாரம்கூட ஒரு படம் வந்தது. வேலை அவர் கையை விட்டுப் போகவில்லை. தன் கை செய்ததைத் தானே நம்புகிற அந்த நிம்மதியை மட்டும் நான் எப்படித் திருப்பிக் கொடுப்பது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.