கடைசி ஆளாக வரச் சொன்னேன்

எங்கள் சபையில் திருவிருந்தின் திராட்சரசத்துக்கு ஒரே வெள்ளிக் கிண்ணம். பீடத்தின் முன் வரிசையாக முழங்காலிடுவோம். ஒருவர் குடித்ததும் போதகர் விளிம்பைத் துணியால் துடைத்து அடுத்தவரிடம் நீட்டுவார். கொரோனா வந்ததும் ஆளுக்கொரு பிளாஸ்டிக் கப் ஆனது. போன வருடம் மறுபடியும் கிண்ணத்துக்கே திரும்பினோம். அப்போதுதான் சிலருக்கு அதில் வாய் வைக்கக் கூசியது.

கமிட்டியில் ஒரு மூப்பர். சூலூர் பக்கம் தறிப் பட்டறை வைத்திருப்பவர். நான் சபைச் செயலாளர் என்பதால் என்னைத் தனியே அழைத்தார். சாக்கடை அள்ளும் வேலை பார்க்கும் ஓர் அம்மா சபைக்குப் புதிதாக வந்துகொண்டிருந்தார். அவரைப் பற்றித்தான் பேச்சு.

"தப்பா நெனச்சுக்காதீங்க. ஜெர்ம்ஸ் பாருங்க. அந்தம்மாவைக் கடைசியா வரச் சொல்லிப்போட்டீங்கன்னா எல்லாருக்கும் நல்லதுங்க."

தினமும் பேக்கரியில் ஒரே வாளித் தண்ணீரில் முக்கியெடுத்த கிளாஸில் டீ குடிக்கிற மனிதர். அதில் ஜெர்ம்ஸ் கிடையாது. சாதி என்ற சொல்லை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த மரியாதையான 'ங்க'வைக் கேட்கக் கேட்க எனக்குக் குமட்டியது.

குமட்டியதே தவிர, அன்று மாலை அந்த அம்மா வீட்டுக்குப் போய்ச் சொன்னது நான்தான். உண்மைக் காரணத்தைச் சொல்ல வாய் வரவில்லை.

"போதகர் வாசிப்பாருங்களே, தகுதியில்லாம குடிச்சா ஆக்கினைத்தீர்ப்புன்னு. அதனால நல்லா யோசிச்சு, எல்லாருக்கும் பின்னால வாங்கம்மா" என்று உளறினேன். மூப்பரின் அருவருப்புக்குக் கடவுளின் தீர்ப்பைப் போர்த்திவிட்டேன்.

அவர் முகம் செத்துப்போனது. "நான் என்ன பாவஞ் செஞ்சுபோட்டேனுங்க?"

"அது உங்களுக்கும் கர்த்தருக்கும்தானுங்க தெரியும்" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினேன்.

மனசு கேட்காமல், அந்த வசனம் வருகிற, கொரிந்து சபைக்கு அப்போஸ்தலர் எழுதிய கடிதத்தை வீட்டில் பைபிளில் எடுத்துப் படித்தேன். போதகர் வாசிக்கும் வசனத்துக்குச் சற்று மேலே அவர் ஒருநாளும் வாசிக்காத பகுதி இருந்தது. வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு தின்று குடிக்கிறார்கள், இல்லாதவர்கள் பசியோடு நிற்கிறார்கள். எழுதியவருக்கு அதில்தான் கோபம். ஆக்கினை என்ற பேச்சே அங்கிருந்துதான் கிளம்புகிறது. எங்கள் பேருக்கு வந்த குற்றப்பத்திரிகையை நான் அந்த அம்மா வீட்டில் கொடுத்துவிட்டு வந்திருந்தேன்.

அடுத்த மாதத் திருவிருந்தில் மூப்பருக்குப் பக்கத்தில் முழங்காலிட்டுக் குடித்தேன். நியாயத்தீர்ப்பு எக்காளத்தோடும் நெருப்போடும் வரும் என்றே சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். ஒரு மிடறு ரசத்திலும் அது வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. என் மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது. எழுந்து நின்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அந்த அம்மா கடைசி பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். கிண்ணத்துக்கு வரவே இல்லை.

ஆராதனை முடிந்து வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டார். மூன்று வெள்ளிக்கிழமை உபவாசம் இருந்து ஜெபித்தாராம்.

"ஏனுங்க, கண்டுபுடிச்சுட்டேனுங்க. பொங்கலப்ப மருமவளக் கோவத்துல கண்டபடி பேசிப்போட்டேன். நேத்து அவ கையப் புடிச்சு மன்னிப்புக் கேட்டுட்டேனுங்க." முகம் அவ்வளவு தெளிவாக இருந்தது. "இனி நானும் எல்லாத்தோடயும் வரலாமுங்களா?"

மூப்பர் காரை எடுத்துக்கொண்டே எங்களைப் பார்த்தார்.

"கமிட்டியில கேட்டுச் சொல்றேனுங்கம்மா" என்றேன்.